ஏர் பட்டனை அழுத்தச் சொல்லாதீர்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி வட்டாரத்து ஆடித் திருவிழாக் கமிட்டித் தலைவர்கள், செயலாளர்கள், முக்கியமாகப் பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி பிறக்கச் சில வாரம்தான் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். கூழுக்குக் கேழ்வரகு, சீரியல் செட்டு, பேனர், பந்தல் என்று கணக்கு எழுத ஆரம்பித்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் கச்சேரி என்ற வரிக்கு வரும்போது கொஞ்சம் நிறுத்தி இதைப் படியுங்கள்.

போன ஆடியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெரு, எந்தக் கமிட்டி என்பதெல்லாம் வேண்டாம். 'பழைய பாட்டு நைட்' என்று போஸ்டர் அடித்திருந்தார்கள். குழு நடத்துகிறவர் எனக்குப் போன் போட்டு, "அந்தக் காலத்து அக்கார்டியன் ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். தோளில் மாட்டிக்கொண்டு, துருத்தியை இழுத்துத் தள்ளிக் காற்றால் வாசிக்கிற பெட்டிதான் அக்கார்டியன். இருக்கிறார் என்றேன். என் மாஸ்டர். வயது 79. துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கிற டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும், "எத்தனை பாட்டு?" என்றார். என்ன சம்பளம் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் ஒத்திகை பார்த்தார். மொட்டை மாடியில், பக்கத்தில் கொசுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு, ஐந்து பாட்டு. விழா அன்று ஆட்டோவில் பெட்டியை மடியைவிட்டு இறக்காமல் வந்தார். மேடை ஏறியதும் ஒரு பையன் கறுப்புத் தொப்பியும் சிவப்புக் கழுத்துத் துணியும் கொண்டுவந்து மாட்டினான். சரி, திருவிழாதானே, போகட்டும் என்று இருந்தோம். மைக் எங்கே என்று கேட்டேன். சவுண்டு பார்க்கிற தம்பி சிரித்துக்கொண்டே மாஸ்டரிடம், "பெருசு, நீங்க சும்மா இழுத்து இழுத்து அசைங்க, போதும். எல்லாம் டிராக்குல இருக்கு" என்றார்.

அக்கார்டியனில் இடது கட்டைவிரலுக்கு நேராக ஒரு பட்டன் இருக்கும். ஏர் பட்டன் என்போம். வாசித்து முடித்தபின் துருத்தியைச் சத்தமில்லாமல் மூடுவதற்காக வைத்தது. அதை அழுத்தினால் காற்று, சத்தம் எழுப்புகிற உலோக நாக்கான ரீடு வழியாகப் போகாமல் நேராக வெளியே போய்விடும். மாஸ்டர் மூன்று பாட்டு முழுக்க அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் ஒரு ஸ்வரம் பிசகாமல் கட்டைகள் மேல் ஓடியது. பாட்டு பென் டிரைவிலிருந்து வந்தது. ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நாலாவது பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி இறக்கிவிட்டார்கள்.

திரும்பும்போது மின்ட் பஸ் ஸ்டாண்டு தாண்டும் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கட்டைவிரல்தான்டா வலிக்குது."

அந்தக் கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆட்டோக் காசு முதற்கொண்டு கையில் கொடுத்தார்கள், சாப்பாடு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்கள். மாஸ்டரைக் கௌரவித்ததாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் அந்தத் தம்பி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மாஸ்டருடையது வெல்ட்மெய்ஸ்டர், கிழக்கு ஜெர்மனியின் கிளிங்கென்தால் ஊர்ச் சரக்கு. 1971ல் பி.எஃப். கடன் போட்டு மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கியது. வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பிரித்துத் தரையில் தினத்தந்தி விரித்துப் பரப்புவார். வலது பக்கம் 41 கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு ரீடு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இழுக்கும்போது பாட ஒரு நாக்கு, தள்ளும்போது பாட ஒரு நாக்கு. ஆக 328 எஃகு நாக்கு, வலது பக்கத்துக்கு மட்டும். இரண்டு வரிசையை ஒரே சுருதியில் வைக்காமல் மயிரிழை ஏற்றி இறக்கி வைத்திருப்பார்கள். அந்த வித்தியாசம்தான் கேட்கும்போது அலை அலையாக வரும்.

நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஒரு சுரண்டல் அதிகமாகப் போனால் அந்த ரீடு போச்சு. மாஸ்டர் சுரண்டுவதற்கு வைத்திருப்பது பல் டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு பழைய கொக்கி. எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு எஃகு சும்மா இருக்குமா? கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தாலும் துரு பிடிக்கும். துரு ஒட்டினால் சுருதி தள்ளாடும். ரீடுத் தகடுகளைத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உள்ளேயிருக்கிற மரச் சட்டத்தின்மேல் ஒட்டியிருப்பார்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டு நீங்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிடப் போனால், மெழுகு இளகித் தகடு கழன்று உள்ளே விழுந்து கிடக்கும். அதனால் மாஸ்டர் எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெட்டி இருக்கிற இடத்துக்கே இலையைக் கொண்டுவரச் சொல்வார்.

இடது பக்கம் 120 பட்டன், ஆறு வரிசை. வாசிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் விரல் தடவிக் கண்டுபிடிப்பது. நடுவில் ஒரு பட்டனில் மட்டும் சின்னக் குழி இருக்கும். அதுதான் வீடு, அங்கிருந்து வழி தேடிக்கொள்ள வேண்டும். இத்தனையும் சேர்ந்து பத்து, பதினோரு கிலோ. ஐம்பது வருஷம் அதைச் சுமந்ததில் மாஸ்டரின் இடது தோள் வலதைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கிறது. டெய்லர் ஒவ்வொரு முறையும் அளவு தப்பென்று நினைத்து இரண்டாவது தடவை டேப் வைத்துப் பார்ப்பார்.

இந்த வாத்தியத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. 1829ல் வியன்னாவில் 'அக்கார்டியன்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கிய சிரில் டெமியன் ஓர் ஆர்மீனிய வம்சாவளிக்காரர். ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியர் தெரு இருக்கிறது, நம் ஆட்கள் அதை அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794ல் அச்சானதும் இந்த மதராசில்தான். டெமியன் இங்கே வந்து போனார் என்று நான் கதை விடவில்லை. பெயர் கேட்டதும் ஏதோ பங்காளி வீட்டுச் சேதி கேட்ட மாதிரி எனக்குப் பட்டது, அவ்வளவுதான். ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் 1910லிருந்து இருக்கிறது. பம்பாய்த் திரையிசையில் அக்கார்டியனுக்குப் பெயர் வாங்கித் தந்த குடி சீர்வாய், கெர்சி லார்ட் இருவரும் பார்சிகள். இப்படி இரண்டு நூல் எங்கள் தெருக்களில் தொங்குவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

மாஸ்டருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர், இன்ஜின் டிரைவர். ஞாயிறு காலை சர்ச்சில் ஆர்கன், சனி இரவு ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனத்தில் அக்கார்டியன். அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது நோட்டுப் புத்தகங்களை மாஸ்டரிடம் விட்டுவிட்டுப் போனார், பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். "நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்பார் மாஸ்டர்.

சபாப் பக்கம் இந்த வாத்தியத்துக்கு மரியாதை கிடையாது. கட்டை வைத்த வாத்தியத்தில் ஸ்வரத்தை வளைத்து அசைக்கிற கமகம் பேசாது என்ற காரணத்தைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940லிருந்து 1971 வரை ஹார்மோனியத்தையே உள்ளே விடவில்லை. அக்கார்டியன் அதற்குத் தம்பி. சினிமாதான் சோறு போட்டது. எம்.எஸ்.வி.யின் குழுவில் மங்களமூர்த்தியின் அக்கார்டியன் எத்தனை பாட்டுகளைத் தூக்கி நிறுத்தியது என்பது பழைய பாட்டில் ஊறியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வழியில்லை, இசைத்தட்டு உறையில் வாசித்தவர் பெயரை யார் போட்டார்கள்?

மாஸ்டர் அந்த உயரத்துக்குப் போனவர் இல்லை. யாராவது வராத நாளில் மாற்று ஆளாகப் போவார். இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஒன்பது மணி கால்ஷீட்டுக்குக் கோடம்பாக்கம். ஒரு பாட்டில் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, இன்னொன்றில் எட்டு பார். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் வீட்டில் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிக் கையை உயர்த்துவார். "இதோ, இதோ, இதுதான் நான்." அதற்குள் நாலு பார் முடிந்துவிடும். அவர் மனைவி கடைசி வரைக்கும் அதை முழுசாக நம்பவில்லை.

மற்ற நாளெல்லாம் மெல்லிசைக் குழு. ஆடி, கார்த்திகை, கல்யாணம், கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம். டிசம்பர் வந்தால் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ். கரண்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கச் சந்து சந்தாக நடக்கலாம். அந்த வேலைக்கு இதைவிட்டால் வேறு வாத்தியம் இல்லை.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். மாஸ்டரை மேடையிலிருந்து முதலில் இறக்கியவன் நான்தான்.

அவரிடம் நாலு வருஷம் படித்தேன். 1993ல் அப்பா ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் உலகத்துக் கீபோர்டு கம்பெனிகள் சேர்ந்து எந்த எண்ணில் எந்த வாத்தியம் என்று ஒரு பொதுப் பட்டியல் போட்டிருந்தன. அதில் 22 அக்கார்டியன், 23 மவுத் ஆர்கன், 24 டேங்கோ அக்கார்டியன். எங்கள் குழுத் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு எண்ணாக அழுத்தச் சொல்லிக் கேட்டார். 22க்கு வந்ததும் தலையை ஆட்டினார். "மூணு ஆள் சம்பளம் மிச்சம்டா." அந்த ஆடியில் எனக்கு 300 ரூபாய். மாஸ்டருக்கு அழைப்பு இல்லை. கச்சேரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "டோன் நல்லாருக்கு. ஆனா மூச்சு விட மாட்டேங்குது" என்றார். வயிற்றெரிச்சலில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நாளாக நாளாகத்தான் புரிந்தது. கீபோர்டில் கட்டையை அழுத்தினால் பதிந்துவைத்த சத்தம் வரும், கையை எடுக்கும் வரை அப்படியே நிற்கும். அக்கார்டியனில் விரல் அழுத்திய பிறகும் வேலை முடியாது. இடது கை துருத்தியை இழுக்கிற வேகத்தில், ஒரே ஸ்வரம் முனகலாகத் தொடங்கிக் கூப்பாடாகி மறுபடி அடங்கும். பாடுகிறவர் மூச்சு இழுக்கிற இடத்தில் மாஸ்டரும் துருத்தியைத் திருப்புவார். எண் 22ஆல் அது ஆகாது. நான் பதினைந்து வருஷம் முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

கெர்சி லார்டே பின்னாளில் இந்தியத் திரையிசைக்குள் மின்னணுவில் சத்தம் உண்டாக்குகிற சிந்தசைசரைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர்தான். அக்கார்டியன்காரரே அந்தக் கதவைத் திறந்தார் என்றால் எங்களைப் போன்றவர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்று கொஞ்ச நாள் மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு பாடகர் குரல் மட்டும் இல்லாமல் வாத்தியமெல்லாம் பதிந்துவைத்த மைனஸ் ஒன் டிராக் வந்தது. பாடகர், லேப்டாப், ஸ்பீக்கர். கீபோர்டுக்காரனுக்கும் அழைப்பு நின்றது. நான் இப்போது ஒரு கூரியர் கிளையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் வீட்டுக்குப் போய் 54 வயதில் மறுபடி பழைய பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். அவர் இன்னும் திட்டுகிறார்.

ஜனங்களுக்குப் பிடிக்காது, பையன்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று சொல்வீர்கள். பொருளாளர்கள் நிச்சயம் சொல்வீர்கள். போன ஆடியில் அந்தத் தொப்பியைப் படம் எடுக்க முண்டியடித்ததும் அதே பையன்கள்தான். கானாவுக்குள் தந்தியும் கட்டையும் வைத்த புல்புல் தாரா எப்படி வந்து உட்கார்ந்தது? யாராவது கமிட்டி போட்டா முடிவு செய்தார்கள்? காதுக்கு நல்லாயிருந்தது, சேர்த்துக்கொண்டோம். மாஸ்டர் கானாவுக்கும் வாசிப்பார். டோலக்கோடு ஒரு தடவை உட்கார வைத்துப் பாருங்கள், துருத்தியைப் படபடவென்று உதறித் தாளம் பிடிப்பார்.

கொலம்பியாவில் வல்லேதுபார் என்று ஓர் ஊர். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த பொத்தான் வைத்த சின்ன அக்கார்டியனை அந்தப் பக்கத்து மாடு மேய்க்கிறவர்களும் விவசாயக் கூலிகளும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சேதி பாடினார்கள். 1968ல் அவர்களுக்கென்று திருவிழா எடுக்க ஆரம்பித்தார்கள். பாசெயோ, மெரெங்கே, புயா, சோன் என்று நாலு வகைப் பாட்டையும் வாசித்துக் காட்டி ஜெயிக்கிறவருக்கு அந்த வருஷத்து 'ராஜா' பட்டம். 2015ல் யுனெஸ்கோ பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் அந்த இசையைச் சேர்த்தது. அந்த ஊருக்கும் அக்கார்டியன் வெளியூர்ச் சரக்குதான். துறைமுகம் வழியாக வந்தது, கூலிக்காரர்கள் கையில் பட்டது, அங்கேயே தங்கிவிட்டது. நமக்கும் துறைமுகம் பக்கத்தில்தான் இருக்கிறது.

பட்டமெல்லாம் நான் கேட்கவில்லை. பொன்னாடையும் வேண்டாம். மாஸ்டரிடம் ஏழு இருக்கிறது. ஒன்றால் பெட்டியைத் துடைக்கிறார், இரண்டு தலையணை உறையாகிவிட்டது. என் கணக்குப்படி தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் சேர்த்து இந்தப் பெட்டியை இன்னும் வாசிக்கக்கூடியவர்கள் நாலைந்து பேர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். இந்த ஆடியில் உங்கள் கச்சேரியில் மூன்று பாட்டு. மூன்றே மூன்று, டிராக் இல்லாமல். தபலா, டோலக், ஒரு பேஸ் கிட்டார், அக்கார்டியன். பாடகருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள். தொப்பி வேண்டாம்.

மைக் இரண்டு வேண்டும். ஒன்று, சத்தம் வெளியே வருகிற வலது பக்க ஜல்லடைக்கு நேரே, ஸ்டாண்டில். இடது பக்கம் துருத்தியோடு போய்ப் போய் வரும், அதனால் அந்தப் பக்கம் ஸ்டாண்டு வைத்துப் பிரயோஜனமில்லை. சின்ன மைக்காகப் பெட்டியிலேயே கட்ட வேண்டும். கூட்டம் சேருவதற்கு முன்னால் அரை மணி நேரம் சவுண்டு பார்க்க விடுங்கள். எப்படியும் பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி போலீஸ் வந்துவிடும், அதனால் கடைசியில் போடாதீர்கள். ஆடியில் சாயங்காலம் திடீரென்று மழை அடிக்கும். துருத்தி அட்டையும் துணியும் தோலும்தான், நனைந்தால் தீர்ந்தது. மேடையில் அந்த ஓரம் மட்டும் தார்ப்பாய் ஒழுகாமல் இருக்கட்டும்.

பரணில் தாத்தா காலத்து அக்கார்டியன் கிடக்கிற வீடுகள் உங்கள் தெருக்களிலும் இருக்கும். வசூலுக்குப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எலி கடிக்காத பெட்டியாக இருந்தால் மாஸ்டர் உயிர் கொடுத்துவிடுவார். எலி கடித்ததாக இருந்தாலும் ரீடு கழற்றிக்கொள்ள ஆகும்.

இன்னும் ஒன்று, நாற்காலி. பந்தலுக்கு வருகிற பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கை வைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்தால் துருத்தி விரியும்போது கைப்பிடியில் இடிக்கும், பாதி இழுப்பில் நின்றுபோகும். கை இல்லாத நாற்காலி ஒன்று வேண்டும். வாடகைக் கடையில் இல்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எங்கள் வீட்டு ஸ்டூலை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய கீபோர்டுக்காரன்,
பழைய வண்ணாரப்பேட்டை